எண்பத்தேழில் ஒரு பங்கு: மாதிரி ரயில் சரக்குப் பெட்டிகளின் அளவும் மெய்த்தோற்றமும்

ஒரு பொருளுக்கு மாதிரி செய்வதென்றால் அதன் எல்லா அளவுகளையும் ஒரே எண்ணால் வகுத்துவிட்டால் போதும் என்று தோன்றக்கூடும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். ஆனால் நீளம் 87இல் ஒரு பங்காகக் குறையும்போது, பரப்பு ஏறத்தாழ 7,600இல் ஒரு பங்காகவும், கொள்ளளவும் அதனோடு சேர்ந்து எடையும் ஏறத்தாழ 6,60,000இல் ஒரு பங்காகவும் குறைந்துவிடுகின்றன; புவியீர்ப்போ, பொருள்கள் ஒன்றோடொன்று உரசும் தன்மையோ, பார்ப்பவரின் கண்ணோ சிறிதும் குறைவதில்லை. இந்தப் பொருத்தமின்மைதான் மாதிரி ரயில் கலையின் அறிவியல் அடிப்படையாகும். அதை மிகத் தெளிவாகக் காட்டுவது எஞ்சினைவிட அதன் பின்னே வரிசையாக இழுபட்டுவரும் சரக்குப் பெட்டிதான். ஏனெனில் எண்ணிக்கையில் அதுவே மிகுதி, வளைவிலும் ஏற்றத்திலும் இயற்பியலின் சோதனைக்கு அதிகம் உள்ளாவதும் அதுவே.

அளவுவிகிதமும் பாதை அகலமும்

மாதிரி ரயிலைப் பற்றிய பேச்சில் இரண்டு சொற்கள் அடிக்கடி குழம்பிவிடுகின்றன. உண்மையான பெட்டியின் நீளத்துக்கும் மாதிரியின் நீளத்துக்கும் உள்ள விகிதம் அளவுவிகிதம். இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையிலுள்ள தூரம் பாதை அகலம். பொம்மை ரயில்களுக்கு ஒழுங்கான பாதை அகலங்களை வகுத்து, தண்டவாளத்தையும் பெட்டிகளையும் ஒரே தொகுதியாக விற்கும் முறையை ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் அறிமுகம் செய்தது. அந்த அகலங்கள் எண்களால் குறிக்கப்பட்டன. பின்னர் வந்த சிறிய அகலம் சுழி எண்ணைப் பெற்று, ஆங்கில வழக்கில் ‘ஓ’ எழுத்தாக மாறியது. அதன் பாதியளவு என்ற பொருளில் பிறந்ததே இன்று உலகில் மிகப் பரவலாக உள்ள எச்ஓ.

எச்ஓ அளவில் உண்மையின் ஓர் அடி நீளம் மாதிரியில் 3.5 மில்லிமீட்டராகிறது. ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர் என்பதால் விகிதம் 1:87.1 என அமைகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வழங்கும் 1,435 மில்லிமீட்டர் திட்டப்பாதை இந்த விகிதத்தில் 16.5 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. பெட்டியும் பாதையும் ஒரே எண்ணால் வகுபடுவதால் இங்கே முரண்பாடு எழுவதில்லை. பிரிட்டனில் நிலைமை வேறு. அந்நாட்டுப் பாலங்களும் சுரங்கவழிகளும் குறுகலானவை என்பதால் எஞ்சின்களின் உடலும் சிறியது. அக்காலத்து மின்மோட்டார்கள் அந்தச் சிறிய உடலுக்குள் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 1:76.2 என்று பெரிதாக்கிவிட்டுப் பாதையை 16.5 மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொண்ட ஓஓ என்னும் கலப்பு முறை அங்கே நிலைத்தது. அந்த விகிதத்தில் கணக்கிட்டால் அதன் பாதை 1,257 மில்லிமீட்டர் அகலத்தையே குறிக்கும்; உண்மையைவிட 178 மில்லிமீட்டர் குறைவு. முன்னின்று பார்க்கும்போது ஓஓ பெட்டிகள் கால்களைச் சேர்த்துவைத்து நிற்பதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். இக்குறையைப் பொறுக்காதவர்கள் 18.83 மில்லிமீட்டர் பாதையைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். இந்தியாவின் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதைக்கும் இதே கணக்கு பொருந்தும்: எச்ஓ விகிதத்தில் அதற்கு 19.2 மில்லிமீட்டர் வேண்டும். கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் பாதையில் இந்திய வேகனை ஓட்டுபவர் அந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டே ஓட்டுகிறார்.

நாற்பதடிப் பெட்டி என்னும் அளவுகோல்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க இருப்புப்பாதைகளில் மிகுதியாக ஓடியது பாக்ஸ்கார் எனப்படும் மூடிய சரக்குப் பெட்டி. அதிலும் உட்புற நீளம் ஏறத்தாழ 40 அடி கொண்டதே வழக்கமான வகை. எச்ஓ அளவில் அதன் உடல் 146 மில்லிமீட்டர், அதாவது ஓர் உள்ளங்கையும் விரல் சிறிதும் சேர்ந்த நீளம். எல்லா நாற்பதடிப் பெட்டிகளும் ஒன்றுதான் என்று எண்ணுவது தொடக்கத்தில் பலர் செய்யும் பிழை. பென்சில்வேனியா ரயில் நிறுவனம் 1924 முதல் பல்லாயிரக்கணக்கில் கட்டிய எக்ஸ்29 வகையின் உட்புற உயரம் 8 அடி 7 அங்குலம். 1937இல் அமெரிக்க ரயில் நிறுவனங்களின் சங்கம் வகுத்த திட்ட வடிவத்தில் அது 10 அடி. புல்மன்-ஸ்டாண்டர்டு நிறுவனம் 1947 முதல் கட்டிய பிஎஸ்-1 வகையில் பொதுவாக 10 அடி 6 அங்குலம். முதலாவதற்கும் கடைசிக்கும் உள்ள 23 அங்குல வேறுபாடு மாதிரியில் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கையில் எடுத்துப் பார்த்தால் அற்பமாகத் தெரியும் இந்த ஏழு மில்லிமீட்டர், இருபது பெட்டிகள் வரிசையாக ஓடும்போது கூரைக்கோட்டை ஏறி இறங்கச் செய்கிறது. பழைய புகைப்படங்களில் கூட்ஸ் வண்டியின் முகட்டுக்கோடு சமமாக இராமல் பல்வரிசைபோலத் தோன்றுவது இதனால்தான். மாதிரி வண்டியில் அந்தக் கோடு நேராக இருந்தால், ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே குறையற்றதாக இருந்தாலும், வண்டி முழுவதும் பொய்யாகத் தெரிகிறது.

வண்டியின் நீளத்தில்தான் மாதிரி ரயில்தளம் மிகப்பெரிய விட்டுக்கொடுத்தலைக் கேட்கிறது. நூறு நாற்பதடிப் பெட்டிகள் கொண்ட வண்டி எச்ஓ அளவில் இணைப்புகளையும் சேர்த்து ஏறத்தாழ 15.5 மீட்டர் நீளும். ஒரு மைல் தூரத்துக்கு 18.5 மீட்டர் வேண்டும். ஒரு வீட்டின் அறைக்குள் இவை அடங்கா. ஆகவே நூறு பெட்டிகளுக்கு இருபது பெட்டிகளும், ஒரு மைலுக்கு நான்கைந்து மீட்டரும் நிற்கின்றன. பெட்டியின் அளவைச் சிதைக்காமல் எண்ணிக்கையையும் தூரத்தையும் மட்டும் குறைக்கும் இம்முறைக்குத் தேர்ந்தெடுத்த சுருக்கம் என்று பெயர் சொல்லலாம்.

வளைவில் தெரியும் பொய்

இடநெருக்கடி வளைவுகளையும் பாதிக்கிறது. எச்ஓ தொடக்கத் தொகுதிகளில் வரும் வளைவின் ஆரம் பெரும்பாலும் 18 அங்குலம், அதாவது 457 மில்லிமீட்டர். இதை 87ஆல் பெருக்கினால் கிடைப்பது 40 மீட்டர். உண்மையான முதன்மைப் பாதையில் 175 மீட்டர் ஆரமே கூர்மையான வளைவு. அதை அப்படியே சுருக்கினால் மாதிரியில் 2 மீட்டர் ஆரம் வேண்டும், ஒரு முழு வட்டத்துக்கு 4 மீட்டர் அகலமான அறை வேண்டும்.

இந்தக் கூர்மை நீளமான பெட்டிகளையே அதிகம் தண்டிக்கிறது. பெட்டியின் இரு முனைகளிலும் நான்கு சக்கரங்கள் பூட்டிய சட்டகம் ஒன்று உண்டு. போகி எனப்படும் அச்சட்டகம்தான் பாதையோடு திரும்புகிறது, உடல் அதன்மேல் நேர்கோடாகவே கிடக்கிறது. எனவே இரு போகிகளுக்கும் நடுவே உடல் வளைவின் உட்பக்கம் துருத்துகிறது. அத்துருத்தல் போகிகளின் இடைத்தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. நாற்பதடிப் பெட்டிக்கு 457 மில்லிமீட்டர் வளைவில் இது 3 மில்லிமீட்டர். கார்களையும் டிரெய்லர்களையும் ஏற்றிச்செல்லும் 89 அடித் தட்டைப் பெட்டிக்கோ ஏறத்தாழ 15 மில்லிமீட்டர், அதாவது பாதையின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அதே வேளையில் அதன் முனைகள் வெளிப்பக்கம் 12 மில்லிமீட்டர் விலகி, அடுத்த பெட்டியின் இணைப்பைப் பக்கவாட்டில் இழுத்துச் சக்கரத்தைத் தடம் புரளச் செய்கின்றன. சிறிய அறையில் மாதிரி அமைப்பவர்கள் நாற்பதடிப் பெட்டிகளின் காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்ல அறிவு. அவர்களுடைய வளைவு உண்மையைவிடக் கூர்மையானது என்பதைக் குட்டையான பெட்டிகள் மறைத்துவிடுகின்றன.

சக்கரமும் தண்டவாளமும் கொக்கியும்

பெட்டியின் உடல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அதன் சக்கரம் அளவுக்கு மீறித் தடித்திருந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளில் சாதாரணமாக 33 அங்குல விட்டமுள்ள சக்கரங்களும், 100 டன் சுமக்கும் பிற்காலப் பெட்டிகளில் 36 அங்குலச் சக்கரங்களும் உள்ளன. எச்ஓவில் இவை முறையே 9.6, 10.5 மில்லிமீட்டர். விட்டத்தைத் துல்லியமாகச் செய்துவிடலாம், சிக்கல் தடிமனில்தான். தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழுவாமல் தடுக்கும் உள்விளிம்பு உண்மையில் ஓர் அங்குல ஆழமே கொண்டது. மாதிரியில் அது 0.3 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். வீட்டில் கையால் பதித்த பாதையின் மேடுபள்ளங்களில் அவ்வளவு மெல்லிய விளிம்பு நிலைப்பது கடினம். எனவே அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கம் பரிந்துரைத்த சக்கர வடிவத்தில் விளிம்பின் ஆழம் இரண்டு மடங்குக்கு மேலாக, 0.64 மில்லிமீட்டராக உள்ளது. சக்கரத்தின் மொத்த அகலம் 0.110 அங்குலம், அதாவது 2.8 மில்லிமீட்டர். இதைப் பெருக்கினால் 243 மில்லிமீட்டர் வரும்; உண்மைச் சக்கரத்தின் அகலம் 145 மில்லிமீட்டர் அளவே. இடைவழியாக 0.088 அங்குல அகலமுள்ள மெல்லிய சக்கரங்களைப் பலர் இன்று பூட்டுகிறார்கள். அவை சாதாரண பாதையிலும் ஓடுகின்றன, பின்னிருந்து பார்க்கும்போது கண்ணை உறுத்துவதும் குறைகிறது.

தண்டவாளத்தின் உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்வது வழக்கம். நெடுங்காலம் விற்பனையில் ஆதிக்கம் செலுத்திய 100 எண் தண்டவாளம் 2.54 மில்லிமீட்டர் உயரம். உண்மையில் அது 221 மில்லிமீட்டரைக் குறிக்கும். அமெரிக்கா கண்ட மிகக் கனத்த தண்டவாளம்கூட 8 அங்குலம், அதாவது 203 மில்லிமீட்டர்தான். 83 எண் தண்டவாளம், கெஜத்துக்கு 132 பவுண்டு எடையுள்ள முதன்மைப் பாதைத் தண்டவாளத்துக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கிறது. 70 எண் கிளைப்பாதைகளுக்குப் பொருந்துகிறது. பெட்டியை மாற்றாமல் அதன் கீழுள்ள தண்டவாளத்தை மட்டும் தாழ்த்தினாலே பெட்டி உயர்ந்து, கனத்துத் தோன்றுகிறது.

பெட்டிகளைப் பிணைக்கும் கப்ளரின் வரலாறும் இதே போராட்டம்தான். ஈலை ஜானி 1873இல் காப்புரிமை பெற்ற, விரல் மடங்கிக் கோப்பதுபோன்ற கொக்கி, 1893இன் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அமெரிக்கா முழுதும் பரவியது. தொழிலாளர்கள் பெட்டிகளுக்கு நடுவே நின்று கைவிரல்களை இழந்த காலம் அதனால் முடிவை நோக்கி நகர்ந்தது. மாதிரிகளிலோ நெடுநாள்வரை ஆட்டுக்கொம்பு போன்ற பிளாஸ்டிக் இணைப்புகளே பெரும்பாலும் இருந்தன. கீத், டேல் என்னும் எட்வர்ட்ஸ் சகோதரர்கள் தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் தொடங்கிய கேடீ நிறுவனம், உண்மையான கொக்கியின் உருவத்தோடு காந்தத்தால் தானே கழலும் கப்ளரைக் கொண்டுவந்து இக்குறையைத் தீர்த்தது. அதன் புகழ்பெற்ற 5ஆம் எண் கப்ளரின் தலை அளவில் சற்றுப் பெரியது; பின்னர் வந்த 58ஆம் எண் உண்மை அளவுக்கு நெருங்கியது.

எடையின் கணக்கு

சரக்கேற்றிய நாற்பதடிப் பாக்ஸ்காரின் மொத்த எடை வரம்பு 1,69,000 பவுண்டு, ஏறத்தாழ 77 டன்; வெறும் பெட்டி 20 டன் சுற்று. எச்ஓ விகிதத்தின் மும்மடியால் வகுத்தால் சுமையேற்றிய பெட்டி 116 கிராமும், வெறும் பெட்டி 30 கிராமும் இருக்க வேண்டும். மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரை ஒரு அவுன்சுடன், நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்சு சேர்ப்பது. இதன்படி அப்பெட்டிக்கு 110 கிராம் வருகிறது. ஓட்டத்துக்கு உகந்த எடை என்று அனுபவத்தால் கண்ட எண், இயற்பியல் கணக்கில் வரும் முழுச்சுமைப் பெட்டியின் எடைக்கு இவ்வளவு நெருங்கி நிற்பது எச்ஓவின் நற்பேறு. பெரிய ஓ அளவில், 1:48 விகிதத்தில், கணக்குப்படி 690 கிராம் வேண்டும், பரிந்துரையோ 440 கிராம்தான். சிறிய என் அளவில், 1:160 விகிதத்தில், கணக்கு 19 கிராம் என்கிறது, பரிந்துரை 27 கிராம். அளவு குறையக் குறைய, பாதையின் தூசியையும் மூட்டுகளின் மேடுகளையும் வெல்வதற்கு உண்மைக்கு மேற்பட்ட எடை தேவைப்படுகிறது என்பதை இந்த மூன்று இணைகளும் காட்டுகின்றன.

எடையைவிட ஆழமான வேறுபாடு ஓட்டத்தின் ஆற்றலில் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் எச்ஓவில் நொடிக்கு 32 சென்டிமீட்டராகிறது. இயக்க ஆற்றல் எடையையும் வேகத்தின் இருமடியையும் சார்ந்தது. எடை விகிதத்தின் மும்மடியாலும், வேகத்தின் இருமடி விகிதத்தின் இருமடியாலும் குறைவதால், மாதிரியின் ஆற்றல் உண்மையின் 500 கோடியில் ஒரு பங்காகிவிடுகிறது. உராய்வு சற்றும் கூடாமல் அப்படியே இருந்தாலும்கூட, எஞ்சின் இழுப்பை நிறுத்தியபின் உண்மையில் 870 மீட்டர் உருண்டு நிற்கும் பெட்டி, மாதிரியில் 11.5 சென்டிமீட்டருக்குள், அதாவது உண்மையளவில் 10 மீட்டருக்குள் நின்றுவிடும். பொம்மை ரயில் வெட்டென்று புறப்பட்டு வெட்டென்று நிற்பது செய்தவரின் குறை அன்று, அளவின் விதி. ஊசிமுனை அச்சுகளைக் குறைவாக உரசும் பிளாஸ்டிக் சட்டகத்தில் பொருத்தி உராய்வைக் குறைக்கலாம்; மீதியை எஞ்சினுக்குள் உள்ள மின்னணுக் கட்டுப்பாடு, வேகத்தை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கி, நடிப்பாக ஈடுசெய்கிறது.

சுருக்கினாலும் மாறாத நல்ல விதி ஒன்றும் உண்டு. குவித்த கரியின் சரிவுக் கோணம் குவியலின் பருமனைச் சார்ந்ததன்று, துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று தங்கும் தன்மையைச் சார்ந்தது. எனவே உண்மையான நிலக்கரியை உடைத்து, சல்லடையில் சலித்து, ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளாக்கி ஹாப்பர் பெட்டியில் குவித்தால், சுரங்கத்தில் ஏற்றிய குவியலின் சரிவு தானாகவே அமைகிறது.

கண்ணின் எல்லை

நலமுள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச்சிறு கோணம் பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு இது 0.3 மில்லிமீட்டர், எச்ஓவில் உண்மையின் 25 மில்லிமீட்டர். மேலும், அந்த ஒரு மீட்டர் உண்மையில் 87 மீட்டர் தொலைவுக்குச் சமம். அத்தொலைவில் நின்று பார்க்கும்போது எது தெரியுமோ அதுவே மாதிரியில் தெரிய வேண்டியது. ஆணித்தலைகளின் வரிசை தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியாவிட்டாலும் ஒரு நிழற்கோடாகத் தெரியும். ஏறுபவர் பற்றும் கைப்பிடிக் கம்பியின் முக்கால் அங்குலத் தடிமன் தெரியாவிட்டாலும், அது உடலிலிருந்து விலகி நின்று வீழ்த்தும் நிழல் தெரியும். உடலோடு ஒட்டி வார்த்த கைப்பிடி உயிரற்றதாகத் தோன்றுவதும், 0.3 மில்லிமீட்டர் வெண்கலக் கம்பியை வளைத்துச் செருகிய கைப்பிடி, சற்றே தடித்ததாக இருந்தும், மெய்யாகத் தோன்றுவதும் இந்த நிழலால்தான். திறந்த பெட்டிகளின் சுவர் இதைவிடக் கடினமான சோதனை: கால் அங்குல எஃகுத் தகடு 0.07 மில்லிமீட்டராக வேண்டும், வார்ப்பு பிளாஸ்டிக்கோ ஒரு மில்லிமீட்டர் அளவு தடிக்கிறது. மேல்விளிம்பை மட்டும் உட்புறமாகச் சீவி மெலிதாக்கினால் கண் முழுச்சுவரையும் மெல்லியதாகவே ஏற்றுக்கொள்கிறது.

காலத்தின் குறிகள்

பெட்டியின் மேல் எழுதப்பட்டிருப்பவை அலங்காரங்கள் அல்ல. அவை காலத்தைச் சொல்லும் ஆவணங்கள். கட்டிய மாதமும் ஆண்டும், கடைசியாக எடைபோட்ட நாளும் இடமும் ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் பொறிக்கப்பட்டன. மறுஎடை போடும்போது பழைய எழுத்தின்மேல் புதுச்சாயம் சதுரமாகப் பூசி எழுதியதால், மங்கிய சிவப்புப் பெட்டியில் பளிச்சென்ற ஒட்டுகள் தெரிந்தன. கைப்பிரேக்கைத் திருகத் தொழிலாளர் நடந்துசென்ற கூரைப்பலகை, 1966 முதல் கட்டிய பெட்டிகளில் இல்லை. பல வண்ணக் கோடுகளால் பெட்டியை அடையாளம் காட்டிய கார்டிராக் பலகை 1967இல் வந்து 1977இல் கைவிடப்பட்டது. ஆகவே அந்தப் பலகை ஒட்டிய பெட்டி 1950களின் வண்டியில் ஓடினால், அதன் அளவுகள் அனைத்தும் சரியாக இருந்தும் அது பொய் சொல்கிறது.

வெயிலும் மழையும் இட்ட கோலமும் அறிவோடு இடவேண்டிய ஒன்று. துத்தநாகம் பூசிய கூரையிலிருந்து சாயம் உரிந்து வெள்ளி நிறத் தகடு தெரியும். சிமெண்டுப் பெட்டியில் வாய்மூடியிலிருந்து வெண்கோடுகள் வழியும். சக்கரத்தின் ஓடும் பரப்பு மட்டும் பளபளக்க, பக்கமுகம் எண்ணெயும் தூசியும் படிந்து கறுத்திருக்கும். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருந்தால் மட்டுமே அது பெட்டிக்கு வயதைத் தருகிறது.

பெட்டிகளின் கூட்டம்

இறுதியாக, ஒரு பெட்டியின் மெய்த்தோற்றம் அதன் அண்டைப் பெட்டிகளைச் சார்ந்தது. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் பாக்ஸ்கார் சரக்கோடு மற்ற நிறுவனங்களின் பாதைகளுக்குச் சென்று, நாள்வாடகை ஈட்டியபடி நாடெங்கும் அலைந்தது. ஆகவே எந்த ஊர் வண்டியிலும் பல நிறுவனங்களின் பாக்ஸ்கார்கள் கலந்திருந்தன. நிலக்கரி ஹாப்பரோ பெரும்பாலும் தன் நிறுவனத்தின் சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே ஓடியதால் கரிவண்டியில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. இவ்வேறுபாட்டை அறிந்தவர், பளபளப்பான அரிய பெட்டிகளைத் தேடித்தேடி வாங்குவதில்லை. ஒரே மாதிரியான பழுப்புச் சிவப்புப் பெட்டிகள் பத்தை எண் மட்டும் மாற்றிச் செய்கிறார், அரிய பெட்டி ஒன்றை அவற்றின் நடுவே வைக்கிறார்.

சுருக்கும்போது எல்லாவற்றையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. பாதை வளையும், சக்கரம் தடிக்கும், வண்டி குறுகும், வேகத்தின் பாரம் மறையும். எதை விட்டுக்கொடுப்பது, எதை விடாமல் பிடிப்பது என்பதை இயற்பியலையும் கண்ணையும் வரலாற்றையும் கேட்டு முடிவு செய்வதில்தான் இக்கலையின் உயர்வு இருக்கிறது. அவ்வாறு முடிவு செய்து ஒருவர் செய்யும் சாதாரணமான பாக்ஸ்கார், விலையுயர்ந்த எந்த எஞ்சினைவிடவும் அந்த ரயில்தளத்தை மெய்யாக்குகிறது.